வருடாந்த உடற் பரிசோதனை: எந்த வரிசையில், எப்படிச் செய்வது? யாழ்ப்பாணத்தவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உயர் குருதி அழுத்தமும் சலரோகமும் சிறுநீரகப் பாதிப்பும் பல வருடங்கள் ஒரு நோவும் காட்டாமல் உடம்பில் இருக்கும். அளந்தால்தான் தெரியும். ஆனால் முதல் தடவை பரிசோதனை செய்ய வெளிக்கிடுகிறவர்கள் பலர் வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். நேரே லாப்புக்குப் போகிறார்கள், பெரிய 'பக்கேஜ்' ஒன்றுக்குக் காசு கட்டுகிறார்கள், நாலு பக்க ரிப்போட்டோடு வீடு திரும்புகிறார்கள். அதில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருந்தால் நித்திரை போய்விடுகிறது. ஒன்றும் இல்லையென்றால் ரிப்போட் அலுமாரிக்குள் போய்விடுகிறது.

முதலில் விபரங்களை எழுதுங்கள். பிறகு உங்களைப் பார்த்துப் பேசக்கூடிய மருத்துவரிடம் போங்கள். அவர் சொல்லும் பரிசோதனைகளைச் செய்து, முடிவுகளோடு அவரிடமே திரும்புங்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லவேண்டும். இது அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கான வழிமுறை. நெஞ்சு இறுக்கம், திடீரென்று வாய் கோணுதல், ஒரு பக்கக் கைகால் விழுதல் என்றால் உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மார்பில் கட்டி, மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிதல் போன்றவற்றை 'செக்கப் வரும்போது காட்டுவம்' என்று ஒத்திவைக்க வேண்டாம்.

1. ஒரு கொப்பி எடுங்கள்

நாற்பது பக்கக் கொப்பி போதும். முதல் பக்கத்தில் குடும்ப விபரம். அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்களில் யாருக்குச் சலரோகம், மாரடைப்பு, பாரிசவாதம், சிறுநீரக நோய், புற்றுநோய் வந்தது, எத்தனை வயதில் வந்தது என்று எழுதுங்கள். வயதுதான் முக்கியம். அப்பாவுக்கு 78 வயதில் வந்த மாரடைப்பும் 48 வயதில் வந்த மாரடைப்பும் மருத்துவருக்கு ஒன்றல்ல. தந்தைக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பும் வந்திருந்தால் அதைப் பரம்பரை ஆபத்தாகக் கணக்கெடுப்பார்கள்.

அடுத்த பக்கத்தில் இப்போது எடுக்கும் மருந்துகள். பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை. 'வெள்ளைக் குளிசை ஒன்று' என்றால் யாருக்கும் பயனில்லை. ஞாபகமில்லாவிட்டால் மருந்து அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். நோவுக்கு அடிக்கடி வாங்கிப் போடும் குளிசை, ஆயுர்வேத லேகியம், வெளிநாட்டிலிருந்து வந்த விற்றமின் போத்தல் எல்லாம் இதில் சேரும். நோக் குளிசைகள் சில சிறுநீரகத்தைப் பாதிக்கும், பிறசரையும் ஏற்றும்.

மூன்றாம் பக்கத்தில் கட்டம் கீறி, வருடத்துக்கு ஒரு வரி: திகதி, நிறை, இடுப்பளவு, பிறசர், வெறும் வயிற்றுச் சீனி, கொலஸ்ட்ரோல், கிரியட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவு). இந்தப் பக்கத்துக்காகத்தான் கொப்பியே. வெறும் வயிற்றுச் சீனி 98 என்ற எண் தனியே நின்றால் சாதாரணம். 84, 91, 98 என்று மூன்று வரிகளில் வருடா வருடம் ஏறி நின்றால் அது வேறு கதை.

2. எங்கே போவது

இலவச வழி அருகிலேயே இருக்கிறது. 2011 முதல் நாடு முழுவதும் பிரதேச வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் தொடங்கப்பட்டன. எச்.எல்.சி. என்று கேட்டாலும் காட்டுவார்கள். முக்கியமாக 35 வயதைத் தாண்டியவர்களுக்கானவை. நிறை, உயரம், இடுப்பளவு, பிறசர், சீனி பார்ப்பார்கள், வசதியிருந்தால் கொலஸ்ட்ரோலும். அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் ஆபத்து எவ்வளவு என்று அட்டவணை வைத்துக் கணிப்பார்கள்.

ஒவ்வோர் இடத்திலும் நாள் வேறு. போவதற்கு முன் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ ஆஸ்பத்திரியிலோ நாளைக் கேளுங்கள். வெறும் வயிற்றோடு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது நடக்கிற விஷயம்தான். போயா நாட்களையும் கலண்டரில் பாருங்கள்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை முதற் படியாக வைக்காதீர்கள். அங்கேயும், தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளிலும் விசேட வைத்திய நிபுணரைப் பார்க்கவேண்டி வந்தால் கடிதத்தோடு அனுப்புவார்கள். காசு கொடுத்துச் செய்ய விரும்பினால் வழமையாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரிடம் போங்கள். அவருக்கு உங்கள் பழைய கதை தெரியும்.

3. நாளைத் தெரிவு செய்யுங்கள்

எந்த மாதம் என்றாலும் பரவாயில்லை. ஒவ்வொரு வருடமும் அதே காலமாக இருந்தால் ஒப்பிட வசதி. தவிர்க்கவேண்டிய நாட்கள் சில உண்டு.

கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதத்தின் நடுவிலோ முடிந்த கையோடோ வேண்டாம். பல நாள் சாப்பாடு குறைந்தால் சீனி வழமையைவிடக் குறைவாகக் காட்டலாம். தண்ணீரும் குறைந்திருந்தால் கிரியட்டினின் ஏறும். கலியாணவீட்டு வாரமும் சரிவராது.

காய்ச்சல் வந்து மாறினால் குறைந்தது இரண்டு மூன்று வாரம் விடுங்கள். மாரி காலத்தில் டெங்கு வந்தவருக்கு ஈரல் பரிசோதனை எண்கள் ஏறி நிற்பது வழமை. அதைப் பார்த்து ஈரல் நோய் என்று ஓடவேண்டியதில்லை.

பரிசோதனைக்கு முதல் நாள் தோட்டம் கொத்துவது, மூட்டை தூக்குவது, புதிதாக ஜிம்முக்குப் போவது வேண்டாம். கடும் வேலையால் தசையிலிருந்து கசியும் பொருட்கள் ஈரல், சிறுநீரக எண்களைக் குழப்பும். சிறுநீரில் புரதமும் வரலாம். மதுவும் கள்ளும் மூன்று நாளைக்கு வேண்டாம், ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு ஏறிவிடும்.

4. வெறும் வயிறு என்றால் என்ன

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள்.

வெறும் வயிற்றுச் சீனிக்கு ஆகக் குறைந்தது 8 மணித்தியாலம். கொலஸ்ட்ரோலும் சேர்த்துக் கேட்டிருந்தால் 10 முதல் 12. இரவு எட்டரைக்குப் புட்டோ இடியப்பமோ வழமையான அளவில் சாப்பிட்டு, காலை ஏழு, ஏழரைக்கு இரத்தம் கொடுத்தால் கணக்குச் சரி. 'நாளைக்குச் செக்கப்' என்று இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்குவது உங்களையே ஏமாற்றுவதுதான்.

தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் நரம்பு பிடிபடாது. தேத்தண்ணி கூடாது. சீனி போடாத வெறுந் தேத்தண்ணியும் கூடாது. பனங்கட்டி கடித்துக் குடித்தால் அது சீனிக் கணக்கில் வராது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. பனங்கட்டியும் சர்க்கரைதான். காலையில் வெற்றிலை, சுருட்டு, சிகரெட், சூயிங்கம் எதுவும் வேண்டாம்.

14 மணித்தியாலத்துக்கு மேல் பட்டினி கிடப்பதும் பிழை. வரிசை நீண்டு பத்து மணியாகிவிடும் என்று தெரிந்தால் இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் பிந்திச் சாப்பிடுங்கள். வயதானவர்களோடு ஒருவர் போவது நல்லது. பையில் ஒரு வாழைப்பழமும் பிஸ்கட்டும் இருக்கட்டும், இரத்தம் எடுத்த உடனே சாப்பிடலாம்.

வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பவராக இருந்தால் சீனிக்கு எடுக்கும் குழாயைக் கவனியுங்கள். சாம்பல் நிற மூடி இருக்கவேண்டும். அதற்குள் இருக்கும் புளோரைட் இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே இரத்தக் கலங்கள் சீனியைத் தின்றுகொண்டிருக்கும். இரண்டு மணித்தியாலம் மோட்டார் சைக்கிளில் சுற்றிவிட்டு லாப்புக்குப் போனால் உண்மையைவிடக் குறைந்த எண்தான் வரும்.

சிறுநீருக்கு, முதலில் கொஞ்சம் வெளியே விட்டு, நடுப்பகுதியை லாப் தரும் போத்தலில் பிடியுங்கள். வீட்டு ஜாம் போத்தல் வேண்டாம். மாதவிடாய் நாட்களில் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிவையுங்கள்.

5. அன்று காலை மருந்து

பிறசர்க் குளிசையை வழமைபோலத் தண்ணீரோடு எடுங்கள். நிறுத்திவிட்டுப் போனால் மருந்து வேலை செய்கிறதா என்று மருத்துவரால் சொல்ல முடியாது.

சலரோகக் குளிசையையும் இன்சுலினையும் சாப்பிடாமல் எடுக்கக்கூடாது, சீனி ஆபத்தாக இறங்கும். கையோடு கொண்டுபோய் இரத்தம் கொடுத்தபின் காலைச் சாப்பாட்டோடு எடுப்பதுதான் வழமை. இரவில் நீண்ட நேர இன்சுலின் போடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். தைரொயிட் குளிசையை இரத்தம் கொடுத்தபின் எடுங்கள். முடி, நகத்துக்கென்று விற்கும் பயோட்டின் குளிசை தைரொயிட் பரிசோதனையைப் பிழையாகக் காட்டக்கூடும். இரண்டு மூன்று நாளுக்கு முன்பே நிறுத்துங்கள்.

6. பிறசர் அளப்பது

இதில் செலவில்லை. ஆனால் எல்லாப் பரிசோதனைகளிலும் மிகக் கவலையீனமாகச் செய்யப்படுவதும் இதுதான். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவரை உடனே இருத்தி, சட்டைக் கைக்கு மேலேயே பட்டியைச் சுற்றி, பேசிக்கொண்டே எடுத்த எண்ணை நம்பி ஒருவரை வாழ்நாள் நோயாளியாக்கக்கூடாது.

ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணியோ புகையோ கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள், முட்டின பையே எண்ணை ஏற்றும். முதுகு சாய்ந்திருக்க, பாதம் நிலத்தில் பதிய, கால் மேல் கால் போடாமல் இருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேசையில் கிடக்கட்டும். பட்டி வெறும் தோலில். பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் எண் கூடக் காட்டும், பெரிய பட்டி கேளுங்கள்.

முதல் தடவை இரண்டு கையிலும் எடுக்கச் சொல்லுங்கள். கூடிய எண் எந்தக் கையில் வந்ததோ அந்தக் கையையே இனி ஒவ்வொரு வருடமும் பாவியுங்கள். கொப்பியில் 'இடது' அல்லது 'வலது' என்று எழுதுங்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

120/80 க்குக் கீழ் நல்லது. 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் வேறு நாட்களிலும் பார்த்தபிறகே நோய் என்று முடிவெடுப்பார்கள். வீட்டில் மேற்கைக்குக் கட்டும் மெஷின் இருந்தால் ஒரு வாரம் காலையும் மாலையும் எடுத்து எழுதிக்கொண்டு போங்கள். வீட்டு அளவுக்கு எல்லை 135/85. மணிக்கட்டு மெஷினை வாங்க வேண்டாம், கை கொஞ்சம் ஏறி இறங்கினாலே எண் மாறும். 180/120 ஐத் தாண்டினால், அதோடு தலையிடி, மூச்சுமுட்டல், பார்வை மங்கலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு.

7. நாடாவும் தராசும்

இடுப்பளவை சாரம் கட்டும் இடத்தில் அளக்கக்கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்கவேண்டும். எங்கள் பகுதி மக்களுக்கு எல்லை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர். மெலிந்த கை காலும் முன்தள்ளிய வயிறும் இங்கே சாதாரணமாகக் காணும் உடல்வாகு. தராசு நல்ல எண் காட்டினாலும் நாடா உண்மையைச் சொல்லிவிடும். உடற்திணிவுச் சுட்டியிலும் ஆசியர்களுக்கு 23 இலிருந்தே கவனம் வேண்டும்.

8. எந்த இரத்தப் பரிசோதனை, எது வேண்டாம்

35 வயதுக்கு மேல் வெறும் வயிற்றுச் சீனி வருடா வருடம். பெற்றோருக்குச் சலரோகம், பருத்த வயிறு, கர்ப்பகாலச் சலரோகம் என்று ஏதாவது இருந்தால் 35 வரை காத்திருக்க வேண்டாம். 100 முதல் 125 வரை வந்தால் எச்பிஏ1சி கேளுங்கள், அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். இரத்தச்சோகை இருப்பவர்களுக்கு அந்த எண் பிழைக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். விரல் நுனியில் குத்தும் மெஷினின் எண்ணை மட்டும் வைத்துச் சலரோகம் என்று முடிவு கட்டக்கூடாது, நரம்பில் எடுத்து லாப்பில் உறுதிப்படுத்தவேண்டும்.

கொலஸ்ட்ரோலை முதல்முறை முழுமையாகப் பாருங்கள். சரியாக இருந்து வேறு ஆபத்தும் இல்லையென்றால் வருடா வருடம் வேண்டியதில்லை. பிறசர், சலரோகம், புகைத்தல், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் வருடம் ஒருமுறை. கிரியட்டினினும் சிறுநீர்ப் பரிசோதனையும் பிறசர், சலரோகம் உள்ளவர்களுக்கும் குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் வருடந்தோறும் கட்டாயம்.

முழு இரத்தப் பரிசோதனை மாதவிடாய் கூடுதலாகப் போகும் பெண்களுக்கும் களைப்புள்ளவர்களுக்கும் உதவும். ஈமோகுளோபின் பெண்களுக்கு 12 க்கும் ஆண்களுக்கு 13 க்கும் கீழே போனால் இரத்தச்சோகை. வயதான ஆணுக்கு அது குறைந்தால் இரும்புக் குளிசையோடு விட்டுவிடாமல், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

பக்கேஜில் வரும் 'புற்றுநோய் மார்க்கர்', உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., அறிகுறி இல்லாதவருக்கு உடம்பு முழுக்க ஸ்கான் ஆகியவற்றை விடுங்கள். பல பரிசோதனைகளில் சாதாரண எல்லை என்பது சுகமானவர்களில் நூற்றுக்கு 95 பேருடைய அளவு. அப்படி ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை செய்தால், முழுச் சுகமானவருக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்டிவரும் வாய்ப்பு நூற்றுக்கு 64. அதன் பின்னால் அலைச்சலும் செலவும் தொடரும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கென்று ஆகப் பெரிய பக்கேஜைப் பதிந்துவிடுவது அன்பினால்தான். அந்தக் காசில் ஒரு நல்ல பிறசர் மெஷின் வாங்கிக் கொடுத்தால் வருடம் முழுக்கப் பயன்படும்.

9. பெண்களுக்கு

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் வெல்வுமன் கிளினிக் நடக்கிறது, இலவசம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்கும் பப் பரிசோதனைக்கு 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைப்பது தேசியத் திட்டம். அழைப்பு வரவில்லை என்று இருந்துவிடாமல் நீங்களே கேளுங்கள். மாதவிடாய் நாளில் போகக்கூடாது. பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாள் உடலுறவும் உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம், கலங்கள் சரியாகத் தெரியாது. வலி பெரிதாக இருக்காது, சில நிமிட வேலை. 'எனக்கு ஒன்றும் இல்லையே' என்று சொல்பவர்களுக்காகத்தான் இந்தப் பரிசோதனை.

மார்பை மாதம் ஒருமுறை, மாதவிடாய் தொடங்கி ஏழு முதல் பத்து நாளுக்குள் நீங்களே பாருங்கள். மாதவிடாய் நின்றவர்கள் ஒரு திகதியை வைத்துக்கொள்ளுங்கள். அதே கிளினிக்கில் மார்பைப் பரிசோதித்தும் பார்ப்பார்கள்.

10. வாயைத் திறந்து காட்டுங்கள்

வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்கள் இதைக் கட்டாயம் செய்யவேண்டும். பாக்கே புற்றுநோயைத் தூண்டும், புகையிலை சேர்க்காவிட்டாலும். வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் கீழ் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புப் படை, இரண்டு வாரத்தில் ஆறாத புண், காரம் பட்டால் எரிவு, மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் திறக்காமை, இவற்றில் எதுவென்றாலும் பல் வைத்தியரிடம் போங்கள். செக்கப் அன்று மருத்துவர் பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

11. ரிப்போட்டை வாசிப்பது

முதலில் பெயர், வயது, திகதி சரியா என்று பாருங்கள். பிறகு அலகு. இங்கே சீனியை மில்லிகிராமில் தருவார்கள், லண்டனிலும் ரொறன்ரோவிலும் மில்லிமோலில். படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியதும் குழப்பம் தொடங்குவது இதனால்தான். சீனி மில்லிமோலில் இருந்தால் 18 ஆலும், கொலஸ்ட்ரோல் என்றால் 38.7 ஆலும் பெருக்குங்கள். கிரியட்டினின் மைக்ரோமோலில் இருந்தால் 88.4 ஆல் வகுக்கவேண்டும். இங்கே எச்பிஏ1சி 6.5 என்பது லண்டன் ரிப்போட்டில் 48.

வெறும் வயிற்றுச் சீனி 126 அல்லது மேல், எச்பிஏ1சி 6.5 அல்லது மேல் என்றால் சலரோக எல்லை. அறிகுறி இல்லாதவருக்கு மறுபடி பார்த்து உறுதிப்படுத்தியபிறகே மருந்து.

கிரியட்டினினைத் தனியே பார்த்து ஏமாறாதீர்கள். 1.1 என்பது 30 வயது ஆணுக்குச் சிறுநீரக வடிகட்டும் அளவு 90 க்கு மேல் என்று பொருள். அதே 1.1 ஒரு 70 வயது அம்மாவுக்கு வந்தால் கிட்டத்தட்ட 54 தான். 60 க்குக் கீழே மூன்று மாதம் நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். ரிப்போட்டில் இருவருடைய 1.1 உம் சாதாரண எல்லைக்குள் என்று அச்சாகியிருக்கலாம். அந்த வடிகட்டும் அளவு, அதாவது ஈ.ஜி.எஃப்.ஆர்., எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

12. திரும்பிப் போங்கள், அடுத்த திகதியை எழுதுங்கள்

ரிப்போட் வந்து ஒரு வாரத்துக்குள் கொப்பியோடு மருத்துவரிடம் போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: போன வருடத்திலிருந்து எது மாறியிருக்கிறது, அதற்கு நான் என்ன செய்யவேண்டும், எதை எப்போது மறுபடி பார்க்கவேண்டும். ஒருவருக்கு எழுதிய கொலஸ்ட்ரோல் குளிசையை வீட்டில் இன்னொருவரும் எடுப்பது இங்கே நடக்கிறது. அது வேண்டாம்.

எல்லைக்கோட்டில் உள்ள எண்களுக்கு ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை. சீனி 100 முதல் 125 என்றால் சாப்பாட்டையும் நடையையும் மாற்றி ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கலாம். கிரியட்டினின் ஏறியிருந்தாலோ சிறுநீரில் புரதம் இருந்தாலோ மூன்று மாதத்துக்குள்.

ஏற்கெனவே சலரோகக் கிளினிக்கில் மருந்து எடுப்பவர்கள் 'எனக்கு மாதாமாதம் பார்க்கிறார்கள்' என்று செக்கப்பை விட்டுவிடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு தடவையும் பார்ப்பது பெரும்பாலும் சீனியும் பிறசரும். வருடத்துக்கு ஒருமுறை கண்மணிக்குச் சொட்டு விட்டு விழித்திரை பார்ப்பது, சிறுநீரில் அல்புமின், பாதத்தின் உணர்வும் இரத்த ஓட்டமும் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சொட்டு விட்ட அன்று சில மணித்தியாலம் பார்வை மங்கும். மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டு, கூட ஒருவரோடு பஸ்ஸில் போங்கள்.